சாதனை வேறு, வாழ்க்கை வேறு: யாருக்கு?

2019 ஜூலையில் பிரிட்டனின் பிரதமர் பதவியிலிருந்து விலகிய தெரசா மே, விலகுகிறவர்களுக்கு அங்கே உள்ள வழக்கப்படி, சிலருக்குப் பட்டங்கள் தரப் பரிந்துரைத்தார். செப்டம்பரில் வெளியான அந்தப் பட்டியலில் ஜெஃப்ரி பாய்காட்டின் பெயர் இருந்தது. விளையாட்டுக்கு ஆற்றிய சேவைக்காக அவருக்கு 'சர்' பட்டம். அதற்கு இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன், தன் தோழியை அடித்துக் காயப்படுத்தினார் என்று பிரெஞ்சு நீதிமன்றம் ஒன்று குற்றவாளியாகத் தீர்ப்பளித்த மனிதர் அவர். குடும்ப வன்முறைக்கு எதிராக இயங்கும் 'விமன்ஸ் எய்டு' அமைப்பு, இந்தப் பட்டம் ஆபத்தான செய்தியைச் சொல்கிறது என்று கண்டித்தது. பி.பி.சி. வானொலியில் ஒரு பெண் நெறியாளர் இதைக் கேட்டபோது, தனக்கு அதைப் பற்றித் துளியும் கவலையில்லை என்றார் பாய்காட். சொல்லும்போதே அவரை 'லவ்' என்றும் அழைத்தார். நம்மூரில் முன்பின் தெரியாத பெண்ணிடம் 'ஏம்மா' என்று குரலை உயர்த்துகிற ஆண்களை நினைத்துக்கொண்டால் அந்தத் தொனி பிடிபடும்.

எங்கோ இருக்கும் ஒரு நாட்டின் பட்டத்தைப் பற்றித் தமிழில் ஏன் பேச வேண்டும்? பாய்காட் நமக்கு அந்நியர் அல்லர். 1990களில் ஆதம்பாக்கத்திலும் நங்கநல்லூரிலும் மாடிக்கு மாடி கேபிள் கம்பி இழுக்கப்பட்ட காலத்தில், ஆங்கிலம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் நாம் கேட்ட குரல்களில் அவருடையதும் ஒன்று. சேப்பாக்கம் மைதானத்துக்கு அண்ணன் தம்பிகளோடு போக அனுமதி கிடைக்காத பெண்பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் வந்து சேர்ந்தது வர்ணனை வழியாகத்தான். அதற்கு முன்பு வானொலியில் அப்துல் ஜப்பாரும் இராமமூர்த்தியும் கூத்தபிரானும் தமிழில் சொல்லச் சொல்ல, பார்க்காத மைதானத்தைக் கண்ணுக்குள் கட்டிக்கொண்ட தலைமுறை நம் அம்மாக்களுடையது. வர்ணனையாளரை நம் சமூகம் வீட்டுக்குள் வந்துபோகும் மனிதராக நடத்துகிறது. அவருக்குத் தரப்படும் மரியாதையைப் பற்றிக் கருத்துச் சொல்ல, கேட்டவர்களுக்கு உரிமை உண்டு.

பாய்காட்டுக்குக் கிடைத்த மரியாதைகளில் 'சர்' பட்டம் கடைசியாக வந்தது. 2009இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 'ஹால் ஆஃப் ஃபேம்' என்ற புகழ்வரிசையைத் தொடங்கியபோது முதல் தொகுதியில் இடம்பெற்ற 55 பேரில் அவரும் ஒருவர். இந்த இரண்டு மரியாதைகளுக்கும் அவர் தகுதியானவரா என்று கேட்டால், இல்லை என்பது என் பதில். ஆனால் ஆம் என்பவர்கள் சொல்லும் காரணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 'சாதனை வேறு, வாழ்க்கை வேறு' என்ற அந்தக் காரணம் கிரிக்கெட்டோடு நிற்பதில்லை. கவிஞர், இயக்குநர், பேராசிரியர், அரசியல்வாதி என்று எந்த ஆணின் மீது புகார் வந்தாலும் நம் காதில் விழுகிற முதல் வாக்கியம் அது.

முதலில் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். 1996 அக்டோபரில் பிரான்ஸின் தென்கடற்கரையில் ஒரு விடுதியில் அந்தச் சம்பவம் நடந்தது. உடன் இருந்த தோழியைப் பாய்காட் முகத்தில் பலமுறை குத்தினார் என்பது குற்றச்சாட்டு. அவர் தவறி விழுந்தார் என்பது பாய்காட் தரப்பு. காயங்களின் புகைப்படங்கள் நீதிமன்றத்துக்கு வந்தன. 1998 ஜனவரியில் வந்த முதல் தீர்ப்பின்போது அவர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அதனால் மறுவிசாரணை கேட்டுப் பெற்றார். அந்த நவம்பரில் மறுபடியும் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது: நிறுத்திவைக்கப்பட்ட மூன்று மாதச் சிறைத்தண்டனை, 50,000 பிராங்க் அபராதம். 2000 மே மாதம் மேல்முறையீடும் தோற்றது. குற்றத்தை அவர் இன்றுவரை ஏற்கவில்லை. அப்படி மறுப்பது அவருடைய உரிமை. ஆனால் இது ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல் என்று நிற்கும் வழக்கு அன்று. மூன்று முறை விசாரித்து, மூன்று முறையும் ஒரே முடிவுக்கு வந்த வழக்கு. அந்தப் பெண்ணின் பெயர் செய்தித்தாள்களில் உண்டு. நான் எழுதவில்லை. இணையத்தில் அவர் பெயரைத் தேடினால் பாய்காட்டின் வழக்கைத் தவிர அவரைப் பற்றி வேறு ஒன்றும் அதிகம் கிடைக்காது என்பதே போதுமான வருத்தம்.

இனி அவருடைய திறமை. அதைக் குறைத்துச் சொல்லி என் வாதத்தை வலுப்படுத்த நான் விரும்பவில்லை. 1964 முதல் 1982 வரை 108 டெஸ்ட் ஆட்டங்கள், 8,114 ஓட்டங்கள், 22 சதங்கள். 1977இல் தன் சொந்த மண்ணான லீட்ஸில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டிலேயே தன் நூறாவது முதல்தரச் சதத்தை அடித்தவர். ஒலிவாங்கியின் முன்னாலும் அவர் பெரிய ஆள்தான். மட்டையாளரை முன்னே போகவும் விடாமல் பின்னே வரவும் விடாமல் திணறடிக்கிற பந்தின் இடத்தை ஒரு தாழ்வாரமாக உருவகித்த சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியவர். சவுரவ் கங்குலியைக் கல்கத்தாவின் இளவரசர் ஆக்கியவர். யாருக்கும் பயப்படாமல், மோசமான ஆட்டத்தை மோசம் என்று சொன்னவர். முகத்துதி மலிந்த தொழிலில் அது அபூர்வம்தான்.

அந்த வர்ணனையில் நிரந்தரமாக ஒரு பெண் இருந்தார்: பாய்காட்டின் அம்மா. எளிய பிடியை ஒருவர் தவறவிட்டால், என் அம்மா அதைத் தன் ஏப்ரனிலேயே பிடித்திருப்பார் என்பார். நாம் அதை முந்தானை என்று மாற்றிக் கேட்டுச் சிரித்தோம். சுமாரான பந்தில் ஒருவர் ஆட்டமிழந்தால், அதை அம்மா ருபார்ப் கீரைத்தண்டால் அடித்திருப்பார் என்பார். நம்மூர்க் கணக்கில் முருங்கைக்காயால். தாய்ப்பாசம் தொனிக்கும் நகைச்சுவை. ஆனாலும் அதன் கணக்கைப் பாருங்கள். திறமையின் அளவுகோலில் கடைசிக் கோடு, சமையலறையில் நிற்கும் பெண். அவரைவிட மோசமாக ஆடினாய் என்பது ஓர் ஆண் ஆட்டக்காரருக்குச் செய்யக்கூடிய பெரிய அவமானம். இதைச் சொன்னவரின் நாட்டில்தான் பெண்களுக்கான முதல் கிரிக்கெட் உலகக் கோப்பை 1973இல் நடந்தது. ஆண்களின் உலகக் கோப்பைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே. ரேச்சல் ஹேஹோ ஃப்ளின்ட் தலைமையில் இங்கிலாந்து அதை வென்றது. ஏப்ரன் கட்டிய அம்மாவைத் தவிர மட்டை பிடித்த பெண்களும் அங்கே இருந்தார்கள். வர்ணனையில்தான் இல்லை.

இந்த நகைச்சுவைக்கும் அந்த விடுதி அறைக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. பெண்ணைக் கேலி செய்கிற எல்லோரும் கை ஓங்குகிறவர்கள் அல்லர். சொல் தவறியவருக்கும் கை நீட்டியவருக்கும் ஒரே தராசு வைப்பது அநீதி. 2021இல் இங்கிலாந்து–இலங்கை ஒருநாள் தொடரின்போது நம் சென்னைக்காரர் தினேஷ் கார்த்திக் வர்ணனையில் ஒரு வார்த்தை விட்டார். மட்டையாளர்களுக்கு அடுத்தவர் மட்டையே பிடிக்கும், அது அடுத்த வீட்டுக்காரர் மனைவியைப் போல என்ற பொருளில். கண்டனம் எழுந்தது. அடுத்த ஆட்டத்தின் நேரலையிலேயே மன்னிப்புக் கேட்டார். தன் அம்மாவும் மனைவியும் கண்டித்ததையும் சொன்னார். மனைவி தீபிகா பள்ளிக்கல், நாட்டுக்காகப் பதக்கங்கள் வென்ற ஸ்குவாஷ் வீராங்கனை. அவர் வர்ணனையைத் தொடர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பாய்காட்டும் மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர் அல்லர். மேற்கிந்தியத் தீவுகளின் வீரர்களுக்கு 'சர்' பட்டம் அள்ளி வீசப்படுவதாகவும், தனக்குக் கிடைக்க வேண்டுமானால் முகத்தில் கறுப்புப் பூசிக்கொள்ள வேண்டும் என்றும் 2017இல் ஒரு நிகழ்ச்சியில் கேலி பேசினார். எதிர்ப்பு வந்ததும் தவறு என்று ஒப்புக்கொண்டார். கறுப்பின மக்களின் கோபத்துக்கு அன்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெண்களின் கோபத்துக்கு, பட்டம் கையில் வந்தபின், பதில் சொல்லத் தேவையில்லை என்று தோன்றியிருக்கிறது. அந்தத் துணிச்சல் அவருடையது மட்டும் அன்று; பட்டம் கொடுத்தவர் அளித்த துணிச்சலும்கூட. அதே 2019 ஜூலையில் தெரசா மேயின் அரசுதான் குடும்ப வன்முறைத் தடுப்பு மசோதாவை நாடாளுமன்றத்தில் வைத்தது. சட்டம் எழுதிய கையே பரிந்துரையிலும் கையெழுத்திட்டது. நடுவில் எந்த முரணும் அந்தக் கைக்குத் தட்டுப்படவில்லை. ஒரு பெண் தலைமைக்கு வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிற என் மாணவிகளுக்கு நான் சொல்லும் உதாரணங்களில் இதுவும் ஒன்று.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருவோம். சாதனை வேறு, வாழ்க்கை வேறு. மைதானத்தில் செய்ததை மைதானத்தின் அளவுகோலால் அளக்க வேண்டும். படுக்கையறைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு விதி நியாயமானதா என்று அறிய, அது எல்லோருக்கும் ஒன்றாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பது எளிய வழி. தமிழ்நாட்டின் விளையாட்டு வரலாற்றிலேயே அதற்கு ஒரு சோதனை இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் வேலை செய்த தலித் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சவுந்தரராஜன். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில நாள்களிலேயே அவரைப் 'பாலினச் சோதனை'க்கு உட்படுத்தினார்கள்; அதில் அவர் தேறவில்லை என்று அறிவித்துப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் யாரையும் அடிக்கவில்லை. ஊக்கமருந்து உட்கொள்ளவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடலோடு ஓடினார், அவ்வளவுதான். ஒரு மனிதரின் வாழ்க்கையில் உடலைவிடத் தனிப்பட்டது வேறென்ன இருக்கிறது? அந்த உடலின் மருத்துவ விவரம் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கும் தொலைக்காட்சி விவாதங்களுக்கும் வந்தது. சாதனை வேறு, வாழ்க்கை வேறு என்று அன்று எந்த விளையாட்டு அமைப்பும் சொல்லவில்லை. தனிவாழ்க்கைக்குள் எட்டிப் பார்க்காதே என்று எந்த நெறியாளரும் தடுக்கவில்லை.

விதியின் இரு முகங்களையும் அருகருகே வையுங்கள். நீதிமன்றம் மூன்று முறை உறுதிசெய்த வன்முறை, ஓர் ஆணின் 'தனிப்பட்ட விஷயம்'. எந்தக் குற்றமும் செய்யாத ஒரு பெண்ணின் உடல் அமைப்பு, உலகத்தின் விஷயம். அவருடைய புகழை அவருடைய செயலிலிருந்து பிரிக்க முடிகிறது. இவருடைய ஓட்டத்தை இவருடைய உடலிலிருந்து பிரிக்க முடியவில்லை. அப்படியானால் அது சாதனையைக் காக்கும் விதி அன்று. யாருடைய சாதனை காக்கப்பட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்தபின் சொல்லப்படும் சமாதானம். பால், சாதி, நிறம், வர்க்கம் என்று அந்த முடிவின் பின்னால் நிற்பவை நமக்குப் பழக்கமானவைதான்.

'ஆனால் அவர் தண்டனையை ஏற்கெனவே அனுபவித்துவிட்டாரே, வாழ்நாள் முழுக்கத் துரத்துவீர்களா?' என்று சிலர் கேட்பார்கள். இது மற்றதைவிட வலுவான கேள்வி. தண்டனை முடிந்தவர் மறுபடி வேலை செய்து பிழைக்க வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். பாய்காட்டுக்கு அது கிடைத்தது. தீர்ப்புக்குப் பிறகு பி.பி.சி. வேலையை இழந்தார், மேல்முறையீடு தோற்ற ஐந்து ஆண்டுகளில், 2005இல், அதே பி.பி.சி.யின் 'டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல்' ஒலிபரப்புக்குத் திரும்பினார். 2020 வரை அங்கே இருந்தார். யாரும் அவரைப் பட்டினி போடவில்லை. சாந்தியோ பதக்கம் பறிபோன பிறகு செங்கல் சூளையில் நாள்கூலிக்குப் போனார். பிறகு பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழ்நாடு அரசில் நிலையான பயிற்சியாளர் வேலை கிடைக்க ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயின. மறுவாழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரு காலக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும்.

வேலை உரிமை. பட்டம் உரிமை இல்லை. அதைத் தராவிட்டால் யாருக்கும் எதுவும் பறிபோவதில்லை. ஓட்டங்களும் சதங்களும் பதிவேட்டில் அப்படியே இருக்கின்றன, இருக்க வேண்டும். பதிவேடு, நடந்தது இது என்று சொல்கிறது. புகழ்வரிசை வேறொன்றைச் சொல்கிறது: எங்களில் இவரைப் போல் ஆகுங்கள் என்று அடுத்த தலைமுறையிடம் கைகாட்டுகிறது. கைகாட்டும் செயல் 2009இலும் 2019இலும் நடந்தது, 1996க்குப் பிறகு, எல்லாம் தெரிந்த பிறகு. அதனால்தான் அதற்குக் கொடுத்தவர்களும் பொறுப்பு.

அந்தப் புகழ்வரிசையின் கதவு எப்படித் திறந்தது என்பதையும் பாருங்கள். 55 பேரோடு தொடங்கிய வரிசையில், 1973இல் கோப்பை வென்ற ஹேஹோ ஃப்ளின்ட் 2010இல்தான் நுழைந்தார். அவர்தான் அதில் இடம்பெற்ற முதல் பெண். இந்தியப் பெண் ஒருவர் நுழைய 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அவர் டயானா எடுல்ஜி. சென்னையில் பிறந்து, இந்தியப் பெண்கள் அணியின் முதல் டெஸ்ட் தலைவராக இருந்து, 1976இல் அணிக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தேடித் தந்த சாந்தா ரங்கசாமிக்கு இந்திய கிரிக்கெட் வாரியத்தின் வாழ்நாள் சாதனையாளர் விருது கிடைத்தது 2017இல். நாற்பது ஆண்டுகள் கழித்து. பாய்காட்டை விலக்கினால் வரிசை வெறுமையாகிவிடும் என்பவர்களுக்கு இந்த ஆண்டுகளே பதில். இடம் இருந்தது. கூப்பிடத்தான் ஆளில்லை.

நம் நாட்டில் இன்னொரு விசித்திரமும் நடக்கிறது. 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் தங்கள் சம்மேளனத் தலைவராக இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் புகார் சொல்லித் தெருவில் அமர்ந்தார்கள். அவர் குற்றச்சாட்டுகளை மறுக்கிறார்; வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. ஆண்டின் முடிவில் சம்மேளனத் தேர்தலில் அவருடைய ஆதரவாளரே வென்றபோது, சாக்‌ஷி மாலிக் தன் காலணிகளை மேசைமேல் வைத்துவிட்டு ஆட்டத்தை விட்டே விலகினார். வினேஷ் போகாட் தன் கேல் ரத்னாவையும் அர்ஜுனா விருதையும் தில்லியின் கர்தவ்ய பாதையில் வைத்துவிட்டுப் போனார். புகாருக்கு ஆளானவரின் மரியாதை அசையாமல் இருக்க, புகார் சொன்னவர்கள் தங்கள் மரியாதைகளைத் தாங்களே கழற்றி வைக்க நேர்ந்தது.

தமிழ் படித்தவள் என்பதால் ஒன்றை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. புகழுக்குக் கல் எழுப்பும் வழக்கத்தை நமக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுத்தர வேண்டியதில்லை. போரில் விழுந்த வீரனுக்குக் கல் தேடுவது தொடங்கி வாழ்த்துவது வரை உள்ள படிநிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வரிசைப்படுத்துகிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் அந்த வரிசையைத்தான் தன் காதைகளின் பெயர்களாக எடுத்துக்கொள்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து. ஆனால் கல் ஒரு போர்வீரனுக்கு எழவில்லை. அரசவையில் சிலம்பை உடைத்துத் தன் வழக்கை நிறுவிய பெண்ணுக்கு எழுகிறது. கண்ணகியைக் கற்பின் சிலையாக மட்டும் சுருக்கிய மரபை நாம் தொடர்ந்து விமர்சித்து வந்திருக்கிறோம். அந்த விமர்சனம் இருக்கட்டும். வீரனுக்கென்று வகுத்த மரியாதையை, நீதி கேட்ட பெண்ணுக்கு மாற்றித் தந்தார் இளங்கோ என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். புகாரைச் சொன்னவரை மறந்துவிட்டு, புகாருக்கு ஆளானவருக்குக் கல் எழுப்புவது எங்கள் மரபு என்று யாரேனும் சொன்னால், இந்தக் காண்டத்தைக் கையில் கொடுங்கள்.

மரியாதையை வேறு விதமாகத் தரவும் முடியும் என்பதற்கு இங்கேயே சான்று உண்டு. சோதனை முடிவைக் காட்டி உலகம் சாந்தியைக் கைவிட்டபோது, அன்றைய முதல்வர் மு. கருணாநிதி தலைமையிலான தமிழ்நாடு அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசளித்தது. அது போதுமானதாக இருக்கவில்லை என்பதை அவருடைய பின்னாளைய வாழ்க்கை காட்டியது. என்றாலும் ஓர் அரசு, தான் யாரை மதிக்கிறது என்பதை விளையாட்டு அமைப்பின் தீர்ப்பைக் கேட்காமலே முடிவு செய்தது. விருதுக் குழுக்களின் கைகள் கட்டப்பட்டிருப்பதாகச் சொல்வது உண்மையில்லை.

எனவே அடுத்த முறை ஒரு வர்ணனையாளருக்கோ வீரருக்கோ கவிஞருக்கோ பட்டம் அறிவிக்கப்படும்போது, அவர் எவ்வளவு பெரியவர் என்பதோடு நிறுத்தாமல், இன்னும் சிலவற்றையும் கேளுங்கள். குழுவில் யார் யார் இருந்தார்கள்? புகாரோ தீர்ப்போ அவர்கள் முன் வைக்கப்பட்டதா? பாதிக்கப்பட்டவர் இந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருப்பார் என்று ஒருவராவது யோசித்தார்களா? இதே தளர்வை ஒரு பெண்ணுக்கும் காட்டியிருப்பார்களா? பதில் சொல்வது அவர்கள் கடமை. கேட்பது நம் உரிமை.

பாய்காட்டின் 8,114 ஓட்டங்களில் ஒன்றையும் யாரும் அழிக்கவில்லை; அழிக்கச் சொல்லவும் இல்லை. தோஹா 800 மீட்டர் ஓட்டத்தின் முடிவுப் பட்டியலில் இரண்டாவது இடத்தில் சாந்தியின் பெயர் இன்று இல்லை. பதிவேடு புனிதமானது, அதில் கை வைக்கக் கூடாது என்று வாதிடுகிறவர்கள் தங்கள் வாதத்தை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.